ஆடி வந்தா ஆளைக் காணோம்!

சத்தம் போடாமல் பின்னாலேயே வாருங்கள். காலை ஷிப்டு தொடங்க இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூல் மில். எந்த மில் என்று கேட்காதீர்கள். எந்த மில்லானாலும் இந்த இருபது நிமிஷம் ஒன்றுதான். கேட்டுக்கு வெளியே டீக்கடை, உள்ளே வாட்ச்மேன், அவருக்கு இடது கைப் பக்கம் கம்பி ஜன்னல் வைத்த சின்ன அறை. அதுதான் டைம் ஆபீஸ். மானேஜர் அறையில் ஏசி ஓடும், சோபா கிடக்கும், ஆனால் கதை இருக்காது. கதையெல்லாம் இங்கேதான்.

வேன்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. தளவாய்புரம் வேன், சேத்தூர் வேன், வத்திராயிருப்பு வேன். இறங்குகிறவர்கள் இன்னும் கார்டைத் தொடவில்லை, மெஷினில் முகத்தைக் காட்டவில்லை. அதற்குள் டைம் ஆபீஸ்காரர் ஜன்னல் வழியே தலையை எண்ணி முடித்துவிடுகிறார்.

"மம்சாபுரம் வேன்ல என்ன, காத்தாடுது?"

"துஷ்டிண்ணே. கீழத்தெருவுல ஒரு பெரியவரு போயிட்டாரு."

அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிடுகிறது. பெரியவர் யாரென்று அவருக்குத் தெரியாது. ஆனால் கீழத்தெருவில் இந்த மில்லுக்கு ஆறு பேர் வேலைக்கு வருகிறார்கள் என்று தெரியும். ஆறு பேரும் அண்ணன் தம்பி, மாமன் மச்சான், அத்தை மகள். ஒரு சாவு, ஆறு ஆப்சென்ட். இன்னும் கருமாதி இருக்கிறது, அன்றைக்கும் ஆறு ஆப்சென்ட். மேலாண்மைப் பாடத்தில் ஆளை ஆளாக எண்ணச் சொல்வார்கள். இந்த ஊரில் வராமை என்பது தெருவாகவும் சொந்தமாகவும் வரும்.

ஆறு பேர் வரவில்லையென்றால் என்ன, மெஷின்தானே ஓடுகிறது என்று நினைப்பீர்கள். அங்கேதான் வினை! ஸ்பின்னிங் பிரிவில் இன்றைய ரிங் ஃபிரேம் ஒன்றில் ஆயிரத்துக்கும் மேல் கதிர்கள் சுற்றும். எங்காவது ஓரிடத்தில் இழை அறுந்துகொண்டே இருக்கும். 'சைடு பார்க்கிற' பெண் அங்குமிங்கும் நடந்து, அறுந்ததைக் கண்டுபிடித்து, ஒரு நொடியில் விரலால் சேர்த்துவிட்டு அடுத்ததற்குப் போவார். அவர் வரவில்லையென்றால் மெஷின் நிற்காது. நின்றாலாவது பரவாயில்லை! அறுந்த இடத்தில் பஞ்சு நூலாகாமல் உறிஞ்சு குழாய்க்குள் போய்க்கொண்டே இருக்கும். கதிர் சுற்றும், கரண்டு ஓடும், கூடையில் நூல் இருக்காது. ஆபீஸில் ஒருவர் வராவிட்டால் அவருடைய ஃபைல் மறுநாள் வரை மேஜையில் காத்திருக்கும். பஞ்சு காத்திருக்காது.

அதனால் இந்த இருபது நிமிஷத்துக்குள் மேஸ்திரி கையில் இருக்கும் போன் சூடேறிவிடுகிறது.

"தம்பி, எங்கிருக்க? வீட்லயா? ஒரு எட்டு வந்துரு."

"அண்ணே, நேத்து முழு நைட்டுண்ணே. இப்பத்தான் கண்ண மூடுனேன்."

"சரி, ஒங்க மதினிய அனுப்பு."

இப்படி வருகிறவருக்குப் பெயர் பதிலி. மில் உலகத்தில் பதிலிக்குச் சட்டத்திலேயே நாற்காலி உண்டு. 1946-ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தின் மாதிரி ஆணைகள் தொழிலாளர்களை வகை பிரிக்கும்போது நிரந்தரம், தகுதிகாண், தற்காலிகம் என்பவற்றோடு, வராதவர் இடத்தில் நிற்பவர் என்று பதிலிக்கும் தனி வகை கொடுத்தன. ஆள் வராமல் போவார் என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒப்புக்கொண்ட ஏற்பாடு வேறெந்தத் தொழிலில் உண்டு? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வராவிட்டால் பக்கத்து வகுப்பு வாத்தியார் இரண்டு வகுப்பையும் பார்ப்பார். பேங்கில் கவுண்டரை மூடிவிடுவார்கள். மில்லில் மட்டும் கேட்டுக்கு வெளியே ஒரு கூட்டம், யாராவது வராமல் போகமாட்டார்களா என்று டீ குடித்துக்கொண்டு நின்றது. பதிலியும் கிடைக்கவில்லையா? முந்தின ஷிப்டில் வீட்டுக்குக் கிளம்புகிறவரை மறித்து "இன்னும் கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போம்மா" என்பார்கள். ஓவர்டைம் வேலைக்குச் சட்டம் இரட்டைச் சம்பளம் கேட்கிறது, நேரத்துக்கும் எல்லை போடுகிறது. மேஸ்திரியின் கெஞ்சலுக்கு எந்தச் சட்டமும் எல்லை போட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் என்றதும் ஒரு ரகசியம். பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியது 1936-இல். அதே 1936-இல்தான் சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் வந்தது. வராத நாளுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று சொன்ன சட்டம் அது. வராத நேரத்துக்கு உண்டான கூலியை மட்டும்தான் பிடிக்கலாம், கோபத்துக்கு ஏற்ப அல்ல. ஆனால் அதற்குள் ஒரு குறும்பான வரி ஒளிந்திருக்கிறது. பத்து பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு, முன்னறிவிப்பு இல்லாமல், தக்க காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால், வேலை ஒப்பந்தத்தில் அப்படி இருக்கும்பட்சத்தில் எட்டு நாள் கூலி வரை பிடிக்கலாம்! ஒன்பது பேர் என்றால் வராமை, பத்தாவது ஆள் சேர்ந்தால் கூட்டுச்சதி. 2019-ஆம் வருஷத்து ஊதியச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை விழுங்கியபோதும், இந்த வரியைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை. வருகைப் பதிவேடு, வார விடுமுறை, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள லீவு என்று மில்லின் நாட்காட்டியை வகுத்த தொழிற்சாலைகள் சட்டம் அமலுக்கு வந்தது 1949 ஏப்ரல் 1-இல். ஒரு வாரத்துக்குள், ஏப்ரல் 6-இல் சென்னை மாகாணப் பிரதமராகப் பதவியேற்றவர் பி.எஸ். குமாரசுவாமி ராஜா. ஊர்? வேறெது, ராஜபாளையம்தான்! சட்டம் டெல்லியில் எழுதியது, இவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஊர்க்காரர்களுக்கு இப்படி ஒரு பொருத்தத்தைச் சொல்லாமல் விடலாமா?

டைம் ஆபீஸின் மேஜை டிராயரைத் திறக்கச் சொன்னால், லீவு விண்ணப்பங்கள் ஒரு கட்டு வெளியே வரும். சடங்கு, காதுகுத்து, மொட்டை, கிரகப்பிரவேசம், குலசாமிக்குக் கிடா வெட்டு. கிடா வெட்டுக்கு லீவு ஒரு நாள் என்று எழுதியிருக்கும். டைம் ஆபீஸ்காரர் பென்சிலால் மூன்று என்று குறித்துக்கொள்வார். கிடாவைக் கொண்டுபோக ஒரு நாள், வெட்ட ஒரு நாள், தின்றதை அனுபவிக்க ஒரு நாள். பாட்டி செத்துப்போன விண்ணப்பங்களுக்கு அவர் மனதில் தனிக் கணக்கு. ஒருவருக்கு இரண்டு பாட்டிதான் என்ற உயிரியல் விதி இந்த ஜன்னலில் செல்லாது. சித்தப் பாட்டி, பெரிய பாட்டி, தெருப் பாட்டி எல்லாரும் பாட்டிகள்தான். உடம்பு சரியில்லை என்றால் ஈ.எஸ்.ஐ. சீட்டு. அதில் சராசரிக் கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். புதிதாகப் படுப்பவருக்கு முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அதனால் சளிக்காய்ச்சல் ஒரே நாளில் சரியாகிவிடும், இல்லாவிட்டால் ஒரு வாரம் நிலைத்துவிடும். இரண்டு நாள் காய்ச்சல் மட்டும் யாருக்கும் கட்டுப்படியாகாது.

முழு வருகைக்கு ஊக்கத்தொகை என்று ஒன்று உண்டு. மாதம் முழுக்க ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால் சம்பளத்தோடு கூடுதலாக ஒரு தொகை. கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? உள்ளே வந்து பாருங்கள். ஐந்தாம் தேதி ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு நாள் வரவில்லை. அந்த மாத ஊக்கத்தொகை அன்றே போயிற்று. இனி மிச்சமுள்ள இருபது சொச்சம் நாளில் அவளைப் பிடித்து நிறுத்த என்ன இருக்கிறது? "போனது போச்சு" என்று தங்கச்சி வீட்டுக்கு ஒரு நாள், ரேஷன் கடைக்கு ஒரு நாள். வராமையைத் தடுக்க வைத்த பணமே வராமைக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிடுகிறது. கெட்டிக்கார நிர்வாகம் அதை வாரக் கணக்காக உடைத்து வைக்கும். ஒரு வாரம் போனாலும் அடுத்த வாரம் பாக்கியிருக்கும். பணத்துக்கும் வராமைக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டுபிடிக்கப் பட்டப்படிப்பு வேண்டாம், எட்டாம் தேதி காலையில் இந்த ஜன்னலில் உட்கார்ந்தால் போதும். ஏழாம் தேதிக்குள் சம்பளம், எட்டாம் தேதி பாதி வேன் காலி!

இதெல்லாம் சில்லறை. வாருங்கள், ஆடி மாதத்துக்குள் நுழைவோம். டைம் ஆபீஸ்காரர் பஞ்சாங்கத்தை முதலில் திருப்புவதே இங்கேதான்.

ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டாளுக்கு ஆடிப்பூரத் தேர். வத்திராயிருப்புப் பக்கம் தாணிப்பாறையிலிருந்து ஏறினால் சதுரகிரி மலை. அங்கே ஆடி அமாவாசை. இரண்டுக்கும் இடையே வழக்கமாக இரண்டிலிருந்து நான்கு நாள்தான் இடைவெளி. 2025-இல் அமாவாசை ஜூலை 24, வியாழக்கிழமை. பூரம் 28, திங்கட்கிழமை. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். புதன் இரவே மலைக்குக் கிளம்பியாக வேண்டும். வியாழன் மலை. வெள்ளி கால்வலி. சனி ஒரு நாளைக்காகவா போவது? ஞாயிறு விடுமுறை. திங்கள் தேர். ஒரே ஒரு காரணத்தைக்கூடப் பொய்யாக எழுதாமல் ஆறு நாள்! அந்த வருஷம் டைம் ஆபீஸ்களுக்கு ஆறுதலாக இருந்தது ஒன்றே ஒன்று: இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடிக் கடைசி வெள்ளி ஆகஸ்ட் 15-இலேயே வந்துவிட்டது. எப்படியும் விடுமுறை நாள். ஒரு நாள் மிச்சம்!

தேர் நாளுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். அந்த உத்தரவை முழுக்க வாசித்தவர்கள் குறைவு, ஆனால் அதன் சுவையே கடைசிப் பத்தியில்தான். பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் விடுமுறை, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள். இது 1881-ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவித்ததல்ல, ஆகவே வங்கிகளுக்குப் பொருந்தாது. கருவூலங்கள் குறிப்பிட்ட ஊழியர்களோடு இயங்கும். அதாவது ரத வீதியில் தேர் அசைந்து வரும்போது, தாசில்தார் ஆபீஸ் வடம் பிடிக்கலாம். பக்கத்துக் கட்டடத்து பேங்க் காஷியர் கண்ணாடி வழியே கும்பிட்டுக்கொள்ளலாம். விக்டோரியா மகாராணி காலத்துச் சட்டம் ஆண்டாள் காஷியருக்குக் காட்சி தருவதைத் தீர்மானிக்கிறது.

மில்லுக்கு? அந்த உத்தரவு மில்லைக் கட்டுப்படுத்தாது. அதற்குத் தனிச் சட்டம், 1958-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி நான்கும் கட்டாயம். மேற்கொண்டு ஐந்து பண்டிகை விடுமுறை. எந்த ஐந்து என்பதில்தான் ரகளை. தீபாவளி, பொங்கல், ஆயுத பூஜை என்று வைத்தாலே மூன்று தீர்ந்துவிடும். ஆயுத பூஜையை எடுக்க முடியாது, அன்று மெஷினுக்கே சந்தனம் பூசி லீவு விடுகிறோம். மிச்சம் இரண்டுக்கு இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம், ஊர்க்கோயில் கொடை எல்லாரும் வரிசையில் நிற்கிறார்கள். ஆடிப்பூரம் பட்டியலில் வரலாம், வராமலும் போகலாம். வராமல் போனாலும் ஆள் என்னவோ தேருக்குப் போகத்தான் போகிறது. அனுபவப்பட்ட நிர்வாகம் அன்று மெஷின் பராமரிப்பு வேலையை வைத்துக்கொள்ளும். விடுமுறையும் விட்டதாக இருக்காது, ஆள் வராததும் தெரியாது. பங்குனி உத்திரம் இன்னும் மோசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்று ஆண்டாள் திருக்கல்யாணம். தென்மாவட்டக்காரர்கள் சாஸ்தா கோயிலுக்குக் குலதெய்வம் கும்பிடப் போகும் நாளும் அதுவே. ஒருவருடைய சாஸ்தா கோயில் எந்தக் கண்மாய்க் கரையில் இருக்கிறது என்று தெரிந்தால், அவர் என்றைக்குத் திரும்பி வருவார் என்று டைம் ஆபீஸ்காரர் சொல்லிவிடுவார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்துவிட்டோம், இன்னும் இரண்டு திரையை விலக்கிவிடலாம். மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் மாவட்ட நீதிமன்றம் இருப்பது இங்கேதான். வராமையை ஆளுவதில் கோர்ட்டை மிஞ்ச ஆள் உண்டா? டவாலி பெயரை மூன்று முறை கூப்பிடுவார், அதுதான் அட்டெண்டன்ஸ். குற்றம் சாட்டப்பட்டவர் அன்று வர முடியாவிட்டால் வக்கீல் ஒரு மனு கொடுப்பார். முன்பு அதற்குப் பெயர் 'முன்னூத்திப் பதினேழு'. 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் அதற்கு நம்பர் 355. மாறியது நம்பர்தான், காரணம் மாறவில்லை: 'உடல்நலக் குறைவு'. மில்லில் அதை நம்பாமல் பார்ப்பார்கள், கோர்ட்டில் படித்துப் பார்த்து முத்திரை குத்துவார்கள்.

பால்கோவாக் கடையின் பின்கட்டு வேறு உலகம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. முன்னால் பெட்டி கட்டுகிறவர் வராவிட்டால் முதலாளியே கட்டிவிடலாம். பின்னால் அடுப்படியில் கிண்டுகிற அண்ணாச்சி வராவிட்டால்? மாடு ஞாயிறு, பண்டிகை பார்ப்பதில்லை, காலையும் மாலையும் பால் வந்து நிற்கும். பாலை விட்டுவைத்தால் திரியும், கிண்டத் தெரியாதவன் கிண்டினால் அடிப்பிடிக்கும். அங்கே பதிவேடு கிடையாது. அண்ணாச்சிக்கு முந்தின நாள் ராத்திரியே முதலாளி வீட்டிலிருந்து போன் வரும்: "நாளைக்கு எப்படி அண்ணாச்சி, உடம்பு சுகந்தானே?" சத்திரப்பட்டியிலோ இன்னும் எளிது. மருத்துவமனைகளுக்கு பேண்டேஜ் துணி நெய்யும் ஊர் அது. விசைத்தறியில் எத்தனை மீட்டர் ஓடியதோ அதற்குக் கூலி. வந்தாயா என்று யாரும் கேட்பதில்லை, துணி எங்கே என்றுதான் கேட்பார்கள். மணியடிக்காத வேலை சுகம் என்று சொல்வார்கள். வராத நாளுக்கு லீவுச் சம்பளம் கேட்டுப் பாருங்கள், அப்போது சுகம் தெரியும்.

சரி, மறுபடி மில் கேட்டுக்கு. பழைய காலத்தில் சங்கு ஊதும். ஊரே அதைக் கேட்டுத்தான் உலை வைத்தது. பிறகு டோக்கன், பிறகு கார்டைக் குத்துகிற கடிகாரம், பிறகு விரல் ரேகை. பஞ்சுத் தூசியிலும் நூலிலும் வருஷக்கணக்காகத் தேய்ந்த விரலை மெஷினில் வைத்தால், அது "நீ யார்?" என்று கேட்கும். முப்பது வருஷ சர்வீஸ், பெரியம்மா கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து நாலு தரம் வைப்பார். பின்னால் வரிசை முணுமுணுக்கும். இப்போது முகத்தைக் காட்டினால் போதும். சாமிக்கு மொட்டை போட்டு வந்தால் தெரியாதோ என்று பயப்பட வேண்டாம். அது கண், மூக்கு, தாடை அமைப்பைத்தான் பார்க்கிறது, முடியை நம்பி இல்லை.

இந்த முகக்கருவியில்தான் நம்ம ஊருக்கு ஒரு பெருமை. ஆள் வந்த நேரத்தைப் பதியும் கடிகாரத்தை 1888-இல் செய்தவர் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் ஊரைச் சேர்ந்த வில்லார்ட் பண்டி. நகைக்கடைக்காரர். அவர் குடும்பம் தொடங்கிய கம்பெனி மற்றக் கம்பெனிகளோடு சேர்ந்து சேர்ந்து கடைசியில் ஐ.பி.எம். ஆயிற்று. ஆள் வந்தாரா என்று எண்ணப் புறப்பட்டவர்கள் கம்ப்யூட்டரில் போய் நின்றார்கள். ராஜபாளையம் அதே பாதையில் மறுமுனையிலிருந்து நடந்திருக்கிறது. நூல் மில்லில் தொடங்கி, சிமெண்டு, கூரைத் தகடு என்று போய், இந்த ஊர் ராம்கோ குழுமம் ராம்கோ சிஸ்டம்ஸ் என்ற மென்பொருள் கம்பெனியையும் வளர்த்தது. சென்னையில் இருக்கும் அந்தக் கம்பெனி வெளிநாடுகளுக்கு விற்கும் சரக்கில் சம்பளக் கணக்கும் உண்டு, முகம் பார்த்து வருகை பதியும் கருவியும் உண்டு. கொரோனாக் காலத்தில் அது உடல் வெப்பத்தையும் சேர்த்துப் பார்த்தது. நூல் விற்ற ஊர் வருகைப் பதிவேட்டை விற்கிறது!

ஆனால் அந்தக் கருவியிடம் போய், "நாளைக்கு யார் வரமாட்டார்கள்?" என்று கேட்டால் பழைய சராசரியைக் காட்டும். கீழத்தெருப் பெரியவருக்கு ராத்திரி மூச்சு வாங்கியது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஜன்னல்காரருக்கு வேன் டிரைவர் சொல்லியிருப்பார்.

அந்த ஜன்னல்காரருக்கே இப்போது புதுப் பாடம் ஒன்று வந்திருக்கிறது. தமிழ்நாட்டு மில்கள் பலவற்றிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். இவர்களுக்குத் துஷ்டிக்கு ஒரு நாள் லீவு என்பது கிடையாது. போனால் ஒரு மாதம். பீகார்ப் பையன்களுக்குத் தீபாவளியைவிட, தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சத் பூஜைதான் பெரிது. ஒடிசாக்காரர்களுக்கு ஜூன் நடுவில் ரஜ பண்டிகை. ஊஞ்சல் கட்டி ஆடுவார்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. ஆக அறுபது நாளுக்கு முன் காலை எட்டு மணிக்கு விடுதியில் எல்லாரும் செல்போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால், அதுவே லீவு விண்ணப்பம். டைம் ஆபீஸ்காரர் பஞ்சாங்கத்தோடு ரயில்வே அட்டவணையையும் மாட்டி வைத்திருக்கிறார். இதில் ஒரு நன்மையும் உண்டு. ஆடிப்பூரத்தன்று மெஷினை ஓட்டுவது இந்தப் பிள்ளைகள்தான். பொங்கலுக்கும் அவர்கள்தான். சத் பூஜைக்கு மம்சாபுரம் வேன் நிறைந்து வரும்.

"டேய் தம்பி, பூரத்துக்கு நீ நிக்கிறல்ல?"

"நிக்கிறேண்ணா. சத்துக்கு எனக்கு லீவு."

"எத்தனை நாள்?"

"டிக்கெட் கன்ஃபர்ம் ஆனா சொல்றேண்ணா."

அவர் பென்சிலை எடுத்து முப்பது என்று குறித்துக்கொள்கிறார்.